கரிமூட்டப் புகையும் நுரையீரல் புற்றுநோயும்: ராமநாதபுரக் கடற்கரையில் ஆய்வு தொடங்குபவர்களுக்கு

சாயல்குடி, கடலாடிப் பக்கம் போனால் சீமைக்கருவேலக் காட்டுக்குள்ளிருந்து புகை எழும்புவதைப் பார்க்கலாம். விறகை அடுக்கி, மண் பூசி, மெல்ல எரியவிட்டுக் கரி எடுக்கும் கரிமூட்டம். அந்த வேலை பார்த்த ஒருவர் நுரையீரல் புற்றுநோயில் இறந்தால், துக்க வீட்டிலேயே இரண்டு கட்சி உண்டாகிவிடும். "அவ்வளவு புகையைக் குடித்த மனுஷனுக்கு வேறென்ன வரும்?" என்பார் ஒருவர். "புகையாவது ஒன்றாவது, நாளைக்கு ரெண்டு கட்டு பீடி!" என்பார் அடுத்தவர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத்தான் புள்ளியியல் வேண்டும்.

மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள், கிராமத்தில் தகவல் சேகரிக்கப் போகும் சமூகப் பணி மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஓரிடத்தில் மட்டும் கால்குலேட்டரில் வர்க்கமூலமும் மடக்கையும் தட்ட வேண்டியிருக்கும். உதாரணக் கணக்கில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை. அவற்றை ராமநாதபுரத்தின் நிலவரம் என்று எங்கும் எடுத்துக்காட்டிவிடாதீர்கள்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

"எந்தத் தொழிலால் புற்றுநோய் வருகிறது?" என்று கிளம்பாதீர்கள். இருபது தொழில்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தால், எதிலுமே ஆபத்து இல்லாவிட்டாலும் ஒன்று சும்மா தற்செயலாக "ஆபத்து" என்று மாட்டிக்கொள்ளும். ஒரு தொழில், ஒரு நோய் என்று தொடங்குங்கள்.

தேர்ந்தெடுக்க உதவும் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆஸ்பெஸ்டாஸ், சிலிக்கா தூசு, டீசல் எஞ்சின் புகை, வெல்டிங் புகை ஆகியவற்றை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை' என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. டீசல் புகை அதில் சேர்ந்தது 2012-ல். வீட்டு அடுப்பின் விறகுப் புகை அதற்கு ஒரு படி கீழே, 'அநேகமாக உண்டாக்கும்' என்ற வகுப்பில் இருக்கிறது.

இதை நம் கரையோடு பொருத்திப் பாருங்கள். விசைப்படகின் எஞ்சின் அறையில் கிடப்பவருக்கு டீசல் புகை. படகுப் பட்டறையில் வெல்டிங். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அறுத்து ஓட்டை போடுபவருக்கு அதன் நார். கல் உடைப்பவருக்கு சிலிக்கா. கரிமூட்டத்தில் விறகுப் புகையோடு கரித்தூளும் சேரும். உப்பளத்தில் கண்ணும் தோலும் படாத பாடு படும், ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்கு உப்பைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. அதனால் உப்பளத் தொழிலாளர்களை வேறொரு விதத்தில் பயன்படுத்தலாம். அதே வெயில், அதே வறுமை, கிட்டத்தட்ட அதே பீடி, புகை மட்டும் இல்லை என்பதால் நல்ல ஒப்பீடு.

இந்தக் கட்டுரைக்கு நாம் கரிமூட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

பின்தொடர்வதா, பின்னோக்கிக் கேட்பதா?

தொழிலாளர்களைப் பட்டியலிட்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, யாருக்கு நோய் வருகிறது என்று பார்ப்பது ஒரு வழி. இதற்கு கோஹார்ட் ஆய்வு என்று பெயர். இதில் புகழ்பெற்றது ரிச்சர்ட் டால் 1955-ல் வெளியிட்டது. இங்கிலாந்தின் ஆஸ்பெஸ்டாஸ் ஆலை ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேல் தூசியில் வேலை செய்த 113 ஆண்களில், பொது மக்கள் கணக்குப்படி நுரையீரல் புற்றுநோயில் இறந்திருக்க வேண்டியவர்கள் 0.8 பேர். உண்மையில் இறந்தவர்கள் 11 பேர். ஆலைக்குப் பதிவேடு இருந்ததால் 113 பேரை வைத்தே பதில் கிடைத்துவிட்டது.

கரிமூட்டத்துக்கு ஏது பதிவேடு? ஆள் இன்றைக்கு வருவார், அடுத்த மாதம் திருப்பூர் போய்விடுவார். பதிவேடு கிடைத்தாலும் எண்ணிக்கை உதைக்கும். ஆண்டுக்கு லட்சம் பேரில் 10 பேருக்கு இந்த நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 தொழிலாளர்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தால் 20,000 ஆள்-ஆண்டுகள் (ஆட்களை ஆண்டுகளால் பெருக்கியது), எதிர்பார்ப்பது 2 நோயாளிகள். கரிமூட்டம் ஆபத்தை இரட்டிப்பாக்கினால் 4 பேர் வருவார்கள். ஆனால் எந்த ஆபத்தும் இல்லாமலேயே, வெறும் தற்செயலில் 4 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு சுமார் 14 சதவீதம். பத்து வருஷம் உழைத்து இதைச் சொல்லவா?

அதனால் தலைகீழாகப் போகிறோம். ஏற்கெனவே நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் (இவர்கள்தான் ஒப்பீட்டாளர்கள்) எடுத்து, இருவரிடமும் பழைய வேலைகளைக் கேட்கிறோம். இது கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு. 1950-ல் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்துக் காட்டியது இந்த முறையில்தான்.

எத்தனை பேர் வேண்டும்? ஒப்பீட்டாளர்களில் சுமார் 19 சதவீதம் பேர் கரிமூட்டத்தில் இருந்தவர்கள் என்றால், இரண்டு மடங்கு ஆபத்தைப் பிடிக்க ஏறத்தாழ 180 நோயாளிகளும் அதே அளவு ஒப்பீட்டாளர்களும் தேவை. ஒன்றரை மடங்கைப் பிடிக்க வேண்டுமானால் அது சுமார் 550 ஆகிவிடும். நோயாளிகள் கிடைப்பது கடினமென்றால் ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று ஒப்பீட்டாளர்கள் எடுக்கலாம். நான்குக்கு மேல் போனால் அலைச்சல்தான் மிச்சம்.

நோயாளிகளைத் தேடுவது

நம் மாவட்டத்து நோயாளி ராமநாதபுரத்தில் மட்டும் இருக்க மாட்டார். மதுரைக்குப் போவார், வசதியிருந்தால் சென்னை அடையாறுக்குப் போவார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை முன்னின்று நடத்தும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012 முதல் மாநிலம் முழுவதையும் உள்ளடக்குகிறது. முறைப்படி அனுமதி கேட்பதற்கு அதுதான் முதல் கதவு. அதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு கேஸ் ஷீட்டைக்கூடப் புரட்டாதீர்கள்.

திசுப் பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டும் சேருங்கள். நம் ஊரில் இருமல், எடைக்குறைவு, எக்ஸ்ரேயில் நிழல் என்றால் முதலில் காசநோய் மாத்திரைதான் ஆரம்பிப்பார்கள். காசநோய் என்று எழுதப்பட்ட புற்றுநோயும் இருக்கும். வேறு உறுப்பிலிருந்து நுரையீரலுக்குப் பரவியதும் இருக்கும். இரண்டையும் பிரித்தாக வேண்டும்.

ஒப்பீட்டாளர்: அதிகம் சறுக்கும் இடம்

ஒரே ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "இவருக்கு இந்த நோய் வந்திருந்தால், நம்முடைய நோயாளிப் பட்டியலுக்குள் வந்திருப்பாரா?" ஆம் என்றால் இவர் ஒப்பீட்டாளராகத் தகுதியானவர்.

மருத்துவமனையிலேயே வேறு நோய்க்காரர்களை எடுப்பது சுலபம். ஆனால் மூச்சிரைப்பு, மாரடைப்பு வார்டுகளுக்குப் போகாதீர்கள். அவர்களில் பீடி குடித்தவர்கள் அதிகம், புகையில் வேலை செய்தவர்களும் அதிகம். நீங்கள் தேடும் வித்தியாசம் அங்கேயே கரைந்துபோகும். கண் முகாமும் வேண்டாம். உப்பளக்காரர்கள் கண் பிரச்சினைக்காக அங்கே கூடுதலாக வருவார்கள். உப்பளத்தில் இருந்தவர் கரிமூட்டத்தில் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஒப்பீட்டாளர்களில் கரிமூட்டக்காரர்கள் செயற்கையாகக் குறைந்து, கரிமூட்டம் பொய்யாக ஆபத்தானதுபோல் தெரியும்.

வாக்காளர் பட்டியலிலிருந்து, ஐந்து வயது இடைவெளியும் ஆண்-பெண்ணும் பொருந்தும்படி குலுக்கல் முறையில் எடுப்பது எனக்குப் பிடித்த வழி. நோயாளியின் தெருவிலேயே எடுக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். கரிமூட்ட ஊரில் தெருவே கரிமூட்டம்தான். இருபக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடும். தாலுகா அளவில் பொருத்தினால் போதும்.

"என்ன வேலை?" என்று கேட்காதீர்கள்

இங்கேதான் ஆய்வு பிழைப்பதும் சாவதும். முதன்முதலில் ஒரு மருத்துவமனையின் பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்துக்கொண்டு தொழில்வாரியாகப் பிரிக்க உட்கார்ந்தேன். 'தொழில்' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக 'கூலி', 'கூலி', 'கூலி'. பெண்கள் என்றால் 'வீடு'. இரண்டு வாரம் உட்கார்ந்து தட்டச்சு செய்த பிறகுதான் அதில் ஒன்றுமே இல்லை என்று உறைத்தது.

ஒரு மாதிரி ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 62. கேட்டால் "கடல் தொழில்" என்பார். உண்மையில் 14 வயதில் அப்பாவோடு கரிமூட்டத்துக்குப் போனவர். 24-ல் சபர் (வெளிநாட்டு வேலைக்கு) போய் எட்டு வருஷம் கப்பல் பட்டறையில் வெல்டருக்கு உதவியாள். திரும்பி வந்து விசைப்படகில் எஞ்சின் பார்த்தார். இருமல் வந்தபின் ஐந்து வருஷமாகக் கருவாட்டுக் கொட்டகையில் காவல். இன்றைய வேலையை எழுதினால் கருவாடுதான் புற்றுநோய்க்குக் காரணம் என்று முடிவு வரும். நோய் வந்தவர் லேசான வேலைக்கு மாறுவது எங்கும் நடக்கிற கதை.

அதனால் வாழ்க்கை முழுவதையும் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பார்த்த ஒவ்வொரு வேலையும் ஒரு வரி: எந்த வயதில் தொடங்கினார், எப்போது விட்டார், எந்த ஊர், கையால் என்ன செய்தார், மூக்கில் என்ன ஏறியது. வருஷம் கேட்டால் யாருக்கும் சொல்ல வராது. ஊர் நினைவில் நிற்கும் நாட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பர். இலங்கைக் கலவரத்துக்குப் பின் அகதிகள் வரத் தொடங்கியது 1983. பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்தது 1988. சுனாமி 2004. "பாலத்துல பஸ் விட்டப்ப எங்கண்ணே இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மளமளவென்று வரும்.

கரிமூட்டம் என்ற ஒரு சொல்லோடும் நிற்காதீர்கள். விறகு வெட்டுபவருக்குப் புகையே கிடையாது. மூட்டம் அடுக்கி மண் பூசி, நாட்கணக்கில் காற்றுத் துளையைத் திறந்து அடைத்துக் காவல் இருப்பவர் புகைக்குள்ளேயே கிடப்பவர். மூட்டம் பிரித்துக் கரி சலித்து மூட்டை பிடிப்பவருக்குத் தூள். சலிப்பதில் பெண்கள் நிறைய உண்டு. அவர்களிடம் "வேலைக்குப் போனீங்களாம்மா?" என்றால் "இல்ல, வீட்லதான்" என்பார்கள். "மூட்டம் பிரிக்கப் போவீங்களா?" என்று கேட்டால் "அது போவேன்" என்பார்கள். வீட்டில் விறகடுப்பா, எத்தனை வருஷம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதுவும் புகைதான். நம் கிராமத்துப் பெண்களில் பீடி குடிப்பவர் அரிது. அதனால் அவர்களைப் பற்றிய தகவல் எண்ணிக்கையில் குறைவானாலும் தரத்தில் தங்கம்.

நோயாளி இறந்துவிட்டால் மனைவியையோ மகனையோ கேட்க நேரும். மனைவிக்கு ஊரில் பார்த்த வேலை தெரியும், சவுதியில் என்ன செய்தார் என்று தெரியாது. கூடப் போன ஆளைத் தேடுங்கள். ஒப்பீட்டாளர்களிலும் ஒரு பகுதியினருக்கு இதேபோல் உறவினரிடம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் நேரடிச் சாட்சி, மறுபக்கம் கேள்விப்பட்ட சாட்சி என்றால் தராசு சாயும்.

நோய் வந்தவர் "எதனால் வந்தது" என்று இரவெல்லாம் யோசித்திருப்பார். நோயில்லாதவர் போகிற போக்கில் பதில் சொல்வார். இந்த நினைவுச் சாய்வை முழுதாக ஒழிக்க முடியாது. கரிமூட்டத்தைப் பற்றித்தான் ஆய்வு என்று கேட்கப்போகிறவரிடம் காட்டிக்கொள்ளாமல் எல்லா வேலைகளையும் ஒரே வரிசையில், ஒரே நிதானத்தில் கேட்டால் குறைக்கலாம். மூட்ட முதலாளியைக் கூடவே அழைத்துப் போகாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

பீடியை இதே கவனத்தோடு எழுதுங்கள்: எந்த வயதில் தொடங்கினார், நாளைக்கு எத்தனை, எப்போது விட்டார். "உண்டு / இல்லை" என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் பின்னால் அழ வேண்டியிருக்கும்.

கணக்கு

காரணம் உள்ளே போய் நோயாக வெளியே தெரிய பத்து, இருபது வருஷம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். ஆகவே நோய் கண்டறிவதற்கு முந்தைய பத்து ஆண்டுகளின் வேலையை விட்டுவிட்டு எண்ணுங்கள். ஒப்பீட்டாளர்களுக்கும் அப்படியே.

100 நோயாளிகள், 200 ஒப்பீட்டாளர்கள் என்று வைப்போம்.

நோயாளிகள்: கரிமூட்டத்தில் இருந்தவர் 33, இல்லாதவர் 67
ஒப்பீட்டாளர்கள்: கரிமூட்டத்தில் இருந்தவர் 38, இல்லாதவர் 162

குறுக்கே பெருக்கி வகுங்கள். 33 × 162 = 5,346. 67 × 38 = 2,546. வகுத்தால் 2.10. இதுதான் ஆட்ஸ் ரேஷியோ. அரிதான நோய்களில் இதை "இத்தனை மடங்கு ஆபத்து" என்றே படிக்கலாம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது தற்செயலைக் கணக்கில் எடுத்தால் உண்மை விடை இருக்கக்கூடிய வரம்பு, 1.22 முதல் 3.63 வரை. அதை எடுக்க, நான்கு எண்களின் தலைகீழ்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள் (0.279). 1.96-ஆல் பெருக்கி, 2.10-இன் இயல் மடக்கையோடு கூட்டியும் கழித்தும், மறுபடி சாதாரண எண்ணாக மாற்றுங்கள். ரேஷியோ 1 என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள். இடைவெளி 1-ஐத் தொடவில்லை. கரிமூட்டம் ஆபத்து என்று பத்திரிகைக்குப் போன் போடலாமா?

பொறுங்கள், பீடிக்காரர்களைத் தனியே பிரிப்போம்.

பீடி குடித்தவர்கள்: நோயாளிகளில் 28 பேர் கரிமூட்டம், 42 பேர் இல்லை. ஒப்பீட்டாளர்களில் 24 பேர் கரிமூட்டம், 56 பேர் இல்லை. ரேஷியோ 1.56.
குடிக்காதவர்கள்: நோயாளிகளில் 5 பேர் கரிமூட்டம், 25 பேர் இல்லை. ஒப்பீட்டாளர்களில் 14 பேர் கரிமூட்டம், 106 பேர் இல்லை. ரேஷியோ 1.51.

இரண்டு குழுவிலும் ஒன்றரைதான். சேர்த்துப் பார்த்தபோது வந்த 2.10-இல் ஒரு பங்கு பீடியுடையது. ஏனென்றால் கரிமூட்டக்காரர்களிடம் பீடியும் கூடுதல். ஒப்பீட்டாளர்களைப் பாருங்கள்: கரிமூட்டத்தில் இருந்த 38 பேரில் 24 பேர் பீடி, இல்லாத 162 பேரில் 56 பேர்தான்.

இரண்டு குழுவையும் ஒரே விடையாகச் சேர்க்கும் வழியை மேன்டலும் ஹென்செலும் 1959-ல் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் மேலே பெருக்கிய இரண்டு தொகைகளையும் அந்தக் குழுவின் மொத்த ஆட்களால் வகுத்துக்கொள்ளுங்கள். இங்கே இரண்டிலும் 150 பேர். மேல்தொகை 10.45 + 3.53 = 13.99. கீழ்த்தொகை 6.72 + 2.33 = 9.05. வகுத்தால் 1.54. நம்பிக்கை இடைவெளி 0.87 முதல் 2.75 வரை. 1 உள்ளே மாட்டிக்கொண்டது.

இதைப் பார்த்து "கரிமூட்டம் பாதுகாப்பானது" என்று எழுதுபவர்களும் உண்டு. அது முதல் தவறைவிடப் பெரிய தவறு. ஆபத்து கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம், இரண்டே முக்கால் மடங்காகவும் இருக்கலாம், 300 பேரை வைத்து அதைப் பிரிக்க முடியவில்லை என்பதுதான் இதன் பொருள். மேலே சொன்ன 550 நினைவிருக்கிறதா?

வயது, விறகடுப்பு, வெளிநாட்டு வேலை என்று பிரிக்க வேண்டியவை கூடக்கூட, கையால் கட்டங்கள் போட முடியாது. பல காரணிகளை ஒரே சமயத்தில் கணக்கில் எடுக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்குப் போங்கள். இலவசமான 'ஆர்' மென்பொருளே போதும். ஆனால் முதலில் கையால் போட்டுப் பார்க்காமல் கணினிக்குப் போகாதீர்கள். ஒரு காரணிக்குப் பத்து நோயாளிகளாவது இருக்கட்டும். வயதைப் பொருத்தி எடுத்திருந்தாலும் கணக்கிலும் வயதைச் சேர்க்க வேண்டும்.

வெறும் ஆம்/இல்லையோடு நிறுத்தாமல், 5 வருஷத்துக்குக் குறைவு, 5 முதல் 15, அதற்கு மேல் என்று பிரித்தும் பாருங்கள். வருஷம் ஏற ஏற ரேஷியோவும் ஏறினால் சந்தேகம் வலுக்கும்.

பீடித் தகவல் கிடைக்காவிட்டால்

பழைய பதிவுகளை வைத்துச் செய்தால் பீடி பற்றி ஒரு வரியும் இருக்காது. கையை விரிக்க வேண்டாம். சுவீடனின் ஓலாவ் ஆக்செல்சன் 1978-ல் காட்டிய வழி இருக்கிறது. பீடி பத்து மடங்கு ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்களில் 60 சதவீதமும் மற்றவர்களில் 40 சதவீதமும் குடிக்கிறார்கள் என்றால், பீடியால் மட்டும் வரக்கூடிய வித்தியாசம் (0.6 × 10 + 0.4) ÷ (0.4 × 10 + 0.6), அதாவது சுமார் 1.4. உங்கள் விடை 1.4 என்றால் முழுவதும் பீடியாகவே இருக்கலாம், வாயை மூடிக்கொள்ளுங்கள். விடை 3 என்றால் பீடி மட்டும் அவ்வளவு தூரம் இழுக்காது.

இன்னொன்று. பீடியும் தொழிலும் சேரும்போது ஆபத்து கூட்டலில் நிற்காமல் பெருக்கலாகவும் போகலாம். அமெரிக்க ஆஸ்பெஸ்டாஸ் வெப்பக்காப்புத் தொழிலாளர்களைப் பற்றி ஹேமண்டும் செலிகாஃபும் 1979-ல் கொடுத்த கணக்கில், லட்சம் பேருக்கு ஆண்டு நுரையீரல் புற்றுநோய் இறப்பு: இரண்டும் இல்லாதவர் 11.3, ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் 58.4, புகைபிடித்தல் மட்டும் 122.6, இரண்டும் 601.6. ஐந்து மடங்கும் பதினோரு மடங்கும் சேர்ந்து ஐம்பது மடங்குக்கு மேல் போய்விட்டது. துக்க வீட்டின் இரண்டு கட்சிகளிடமும் இதைச் சொல்லலாம். ஆஸ்பெஸ்டாஸைப் பொறுத்தவரை இருவரும் பாதி சரி, பாதி தப்பு.

எப்போது கிளம்புவது

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுக்காரர்களைக் கடலுக்குப் போகும் நாளில் தேடிப் போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது பலர் கரையில் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள், பேசவும் நேரமிருக்கும். வேறு வேலை தேடி வெளியூர் போனவர்களின் வீட்டுக்கு மட்டும் மறுபடி ஒருமுறை போக வேண்டும். வினாத்தாளை மார்ச்சிலேயே பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்தி முடித்துவிடுங்கள். கரிமூட்டக்காரர்களுக்கு, மூட்டம் பற்றவைத்த மறுநாள் சாயங்காலம் போங்கள். காவல் இருப்பவர் இடத்தை விட்டு நகர முடியாது, பேச்சுத்துணைக்கு ஆள் வந்தால் சந்தோஷப்படுவார். புகை வராத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள்.